சைக்கிளில் வந்த சர்க்கார்

விவசாயிக்கு முன்னால் சர்க்காராகவும் சர்க்காருக்கு முன்னால் விவசாயியாகவும் நின்று, இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகத்துக்கு அந்தக் காலத்தில் கிராம சேவகன் என்று பெயர். அறுபதுகளின் நடுவில் நான் அதில் சேர்ந்தேன். பிறகு அந்தப் பெயரை எடுத்துவிட்டு இங்கிலீஷில் நீளமாக ஒன்றை வைத்தார்கள். சைக்கிள் மட்டும் அதேதான்.

நான் திருவனந்தபுரம் ஆரியசாலையில் வளர்ந்தவன். அப்பா அங்கே ஒரு அரிசிக் கடையில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தார். ஆகவே அரிசியைச் சாக்குக்குள் பார்த்திருக்கிறேனே தவிர, அது வயலில் என்ன செய்துகொண்டிருக்கும் என்று யோசித்ததில்லை. அப்படிப்பட்டவனுக்குப் பயிற்சி கொடுத்து, விழிஞ்ஞம் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பஞ்சாயத்தை ஒப்படைத்தார்கள். அந்தப் பக்கத்து ஜனங்கள் பாதி மலையாளமும் பாதி எல்லைத் தமிழுமாகப் பேசுவார்கள். என்னைக் கண்டால் தமிழ் கொஞ்சம் கூடும். கோபம் வந்தால் முழுக்க மலையாளம்தான்.

ரேஷன் கடையிலோ, தாலுக்கா ஆபீஸிலோ மேஜைக்கு உள்பக்கம் உட்கார்ந்து, "இன்னும் வரலை" என்று சொல்லிச் சொல்லி வாய் உலர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குட்டை நெல்

புது நெல் வந்த சமயம். ஆள் இடுப்பு உயரத்துக்குக்கூட வராத குட்டைப் பயிர். கதிரோ பழைய நெல்லைப்போல இரண்டு பங்கு. அதை ஒரு வயலில் நட்டு, ஊரைக் கூட்டி அறுவடை செய்து காண்பிக்க வேண்டும். வயல் கொடுக்க யாரும் தயாராக இல்லை. மூன்று வாரம் நடந்து நேசய்யன் என்பவரைச் சம்மதிக்க வைத்தேன். நெல்மேல் நம்பிக்கை வந்து அவர் சம்மதிக்கவில்லை, தினமும் விடிந்ததும் என் முகத்தில் முழிப்பதைச் சகிக்க முடியாமல் சம்மதித்தார் என்று பின்னால் தெரிந்தது.

பயிர் நன்றாகவே வந்தது. அறுவடை அன்று பிளாக் ஆபீஸிலிருந்து அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். நெல்லை அளந்தபோது நேசய்யனே நம்பாமல் இன்னொரு தடவை அளக்கச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. உத்தியோகத்தில் சேர்ந்த பிறகு முதல் தடவையாக நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் நேசய்யனின் மனைவி தங்கம்மா, களத்து ஓரத்தில் கிடந்த வைக்கோலில் ஒரு கை அள்ளி முழம் போட்டுப் பார்த்தார். ஒன்றரை முழம் தேறவில்லை. முறித்துப் பார்த்தார், முரட்டு வைக்கோல். அதைக் கையில் பிடித்துக்கொண்டே கூட்டத்தை விலக்கி, பெரிய அதிகாரியின் முன்னால் போய் நின்றார்.

"நெல்லு நீங்க சொன்ன மாதிரி வந்தாச்சு சாரே, அது சரி. எனக்க பசுவுக்கு மத்தியானம் நீங்க என்ன போடுவிய?"

ஆள் மாறாட்டம்

மண் பரிசோதனை என்று ஒரு திட்டம். வயலில் நாலைந்து இடத்தில் குழி தோண்டி, மண்ணை ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, துணிப் பையில் போட்டு, பெயர் எழுதிக் கட்டிப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். எந்த உரம் எவ்வளவு போட வேண்டும் என்று அங்கிருந்து எழுதி வரும். சாமுவேல் என்று ஒருவர், "சாருக்கு எதுக்குச் சிரமம், நானே எடுத்துட்டு வாறேன்" என்று சொல்லிப் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒருவர் தானாக வந்து ஒத்துழைக்கிறாரே என்று எனக்குக் கண் கலங்காத குறை.

எட்டு மாதம் கழித்து முடிவு வந்தது. பிரமாதமான மண், உரம் அதிகம் தேவையில்லை என்று எழுதியிருந்தது. அதை நம்பி உரத்தைக் குறைத்துப் போடச் சொன்னேன். பயிர் மஞ்சளித்துப் போய்விட்டது. போய்ப் பார்த்தால் வயல் முழுக்க வெறும் மணல். பையில் வந்த மண்ணோ நல்ல கறுப்பு. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாமுவேலை வரப்பில் நிறுத்தி வைத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் காலால் வரப்பைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு உண்மையைச் சொன்னார்.

"எனக்க மண்ணு பரீட்சை எழுதினா தோத்துப்போவும்னு தெரியும் சாரே. அதனால பக்கத்து வயல் மண்ணை எழுத வச்சேன்."

வளம் உண்டா?

மலையாளத்தில் வளம் என்றால் உரம். இது என் மனைவிக்குத் தெரியாது. திருநெல்வேலியிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. நான் ஊரில் இல்லாத ஒரு காலையில் யாரோ ஒருவர் வாசலில் வந்து, "வளம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார். குறி சொல்லிக் காசு கேட்க வந்தவர் என்று நினைத்துக்கொண்டு அவள், என் சம்பளத் தேதியை மனதில் வைத்து, "இப்போ ஒண்ணும் இல்லீங்க, முதல் தேதிக்கு மேல வாங்க" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

முதல் தேதி காலையில் பல் தேய்த்துக்கொண்டே கதவைத் திறக்கிறேன், வாசலில் ஆளுக்கொரு சாக்குடன் பதினோரு பேர். உரம் வைக்கிற கிட்டங்கியில் ஒரு பொடி யூரியா கிடையாது. விஷயத்தை விளக்கி, மன்னிப்புக் கேட்டு, எல்லாருக்கும் பால் இல்லாத கட்டன்சாயா போட்டுக் கொடுத்தோம். குடித்துவிட்டுச் சாக்கை உதறித் தோளில் போட்டபடி ஒருவர் சொன்னார்:

"சாரு சொல்லியிருந்தா நாங்க நம்பியிருக்க மாட்டோம். வீட்டம்மா சொன்னாங்களேன்னுதான் சாக்கோட வந்தோம்."

கலந்தாலோசனை

விவசாயிகளைக் கலந்து பேசித்தான் இனித் திட்டம் போட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. என்ன, உத்தரவு வந்தது திங்கட்கிழமை, கலந்து பேசிய விவரம் மேலே போய்ச் சேர வேண்டியது அடுத்த திங்கட்கிழமை. எங்கள் ஆபீஸ் ஹெட் கிளார்க் பாஸ்கரன் நாயர் அனுபவஸ்தர். கூட்டம் சனிக்கிழமை, டைப்பிஸ்ட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு என்று கணக்குப் பார்த்து, கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வெள்ளிக்கிழமையே டைப் அடித்து முடித்துவிட்டார்.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம். நல்ல மழை. வந்தவர்கள் எட்டுப் பேர். அதிலும் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். டைப் அடித்த தாள்கள் மேஜைமேல் இருந்தன. முன்வரிசை பெஞ்சில் இருந்த வேலாயுதன் பிள்ளைக்கு மாலைக்கண் உண்டே தவிர, பகலில் பார்வை கூர்மை. தன் பெயர் அதில் இருப்பதையும், 'புதிய திட்டத்தை மனமார வரவேற்றுப் பேசினார்' என்று அதற்குக் கீழே இருப்பதையும் தலைகீழாகவே படித்துவிட்டார். தலைமை வகித்த அதிகாரிக்கு இது தெரியாது. "பிள்ளைச்சேட்டா, நீங்கள் ஊரில் மூத்த கிருஷிக்காரர். உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லணும்" என்றார். பிள்ளை எழுந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார். மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்:

"நான் பேசி முடிச்சாச்சு போல இருக்கு. என்ன பேசினேன்னு அதை ஒருக்க வாசிங்க சாரே, நானும் கேட்டுக்கிடுதேன்."

பத்துக் கன்று

தென்னங்கன்று வினியோகம். யார் யாருக்குக் கன்று என்று பட்டியல் மேலே தயாராகி வரும். கொடுப்பது மட்டும் நாங்கள். ஒரு வருஷம் பட்டியலில் மரியதாசன் என்று ஒரு பெயர், பத்துக் கன்று. அந்தப் பெயரில் எங்கள் பஞ்சாயத்தில் இரண்டு பேர். ஒருவருக்கு ஒன்றரை ஏக்கர் பறம்பு, அதாவது தோட்டம். இன்னொருவர் கடற்கரையில் குடிசை போட்டு மீன் பிடிக்கிறவர். சீட்டு போய்ச் சேர்ந்தது மீன்பிடிக்கிறவருக்கு. சர்க்கார் கூப்பிட்டுக் கொடுக்கிறதே என்று ஒரு நாள் கடலுக்குப் போகாமல், வரிசையில் வெயிலில் நின்று வாங்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் பத்துக் கன்றுகளையும் தோள்கம்பில் கட்டிச் சுமந்துகொண்டு திரும்பி வந்தார். குடிசைக்கு முன்னால் இரண்டை நட்டுப் பார்த்தாராம். அது எல்லாரும் வலை உலர்த்துகிற இடம் என்று பக்கத்துக்காரர்கள் பிடுங்கச் சொல்லிவிட்டார்களாம். பெயர்க் குழப்பம் என்று நான் இழுத்து இழுத்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கன்றுகளை ஒவ்வொன்றாகச் சுவர் நிழலில் நிறுத்தி வைத்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டார்:

"கன்று குடுக்குற ஆபீஸ் இதுன்னு தெரிஞ்சாச்சு. அதை நடுறதுக்கு மண்ணு குடுக்குற ஆபீஸ் எதுன்னு சொல்லுங்க சாரே, முதல்ல அங்க போயிட்டு வாறேன்."

சந்தித்து விவரம் தெரிவிக்கவும்

மாதம் பிறக்கும் முன்பே எந்த நாளில் எந்த விவசாயியைப் பார்க்கப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்த ஒருவர், நான் போவதற்கு இரண்டு நாள் முன்னால் இறந்துபோனார். வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்து, டைரியில் 'விவசாயி காலமாகிவிட்டதால் சந்திக்க இயலவில்லை' என்று எழுதினேன். ஒரு மாதம் கழித்து மேலிடத்திலிருந்து குறிப்பு வந்தது: 'நிர்ணயித்த விவசாயியைச் சந்திக்காதது ஏன்? உடனே சந்தித்து விவரம் தெரிவிக்கவும்.' பதில் எழுதினேன். நினைவூட்டல் வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடி நினைவூட்டல். கடைசியில் தாளைக் கொண்டுபோய்ப் பாஸ்கரன் நாயரின் மேஜைமேல் போட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆள் போனது உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பைலுக்கு இன்னும் தெரியாது, அவ்வளவுதான். நாம கொஞ்சம் பொறுக்கணும் ஓய்."

சக்கரம்

இதை எழுத வேண்டுமா என்று இரண்டு மூன்று தடவை யோசித்தேன். எழுதாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வெறும் தமாஷாகப் போய்விடும்.

எங்கள் ஊர் ஏலா, அதாவது எல்லார் வயலும் சேர்ந்து கிடக்கிற அந்தத் தாழ்ந்த வெளி, ஒரு ஓடை வழியாகக் காயலில் போய் முட்டும். மழைக்காலத்தில் காயல் நிறைந்தால் தண்ணீர் அதே ஓடை வழியாகத் திரும்பி வயலுக்குள் ஏறும். ஓடை வாயில் தண்ணீரைத் தடுக்க ஒரு ஷட்டர் போட்டுக் கொடுங்கள் என்று ஊரார் வருஷா வருஷம் மனுக் கொடுத்தார்கள். மனுவை எழுதியவன் நான்தான். அது பஞ்சாயத்துக்குப் போய், பிளாக்குக்குப் போய், நீர்ப்பாசனத்துக்குப் போய், மறுபடி பஞ்சாயத்துக்கே 'தக்க நடவடிக்கைக்காக' வரும். நான் இன்னொன்று எழுதுவேன். ஆறாவது மனுவுக்கு அனுமதி வந்தது. மழைக்கு முன்னால் ஷட்டர் தயாராகிவிடும் என்று கூட்டத்தில் வைத்து அதிகாரி சொன்னார். நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

கமலாட்சி என்று ஒரு பெண்மணி. புருஷன் தென்னையிலிருந்து விழுந்து இறந்துபோனவர். இரண்டு பெண்கள். ஓடையை ஒட்டி முப்பது சென்ட் வயல். வருஷச் சாப்பாடு அதிலிருந்துதான். அவர் எப்போதும் பழைய உயர நெல்லைத்தான் போடுவார். "நெல்லு கம்மிதான் சாரே, ஆனா தண்ணி வந்தாலும் கதிரு மேல நிக்கும்" என்பார். நான் விடவில்லை. "இந்த வருஷம் ஷட்டர் வந்துவிடும் சேச்சி, தண்ணீர் ஏறவே ஏறாது, குட்டை நெல் போடுங்கள், பத்தாயம் நிறையும்" என்று நாலு தடவை போய்ச் சொன்னேன். நாலாம் தடவை சரி என்றார்.

ஓடை வாயில் சிமெண்ட் தூண்கள் கட்டினார்கள். இரும்புப் பலகை லாரியில் வந்தது. அதைத் தூக்கி இறக்குகிற திருகும் சக்கரமும் வரவில்லை. வேறு ஆபீஸ் மூலம் வர வேண்டியது என்றார்கள். நான் அந்த ஆபீஸுக்கு நேரில் போனேன். அடுத்த வாரம் என்றார்கள். அடுத்த வாரமும் போனேன். பலகை கரையில் கிடந்தது, அதன்மேல் யாரோ துணி உலர்த்தினார்கள்.

கதிர் முற்றி, அறுக்க ஒரு வாரம் இருக்கும்போது துலா மாதத்து மழை, நம் ஐப்பசி மழை, முந்திக்கொண்டு வந்தது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. நாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் ஏலா இருந்த இடத்தில் காயல் நிற்கிறது. பழைய நெல் போட்டவர்களின் வயல்களில் கதிர் நுனிகள் தண்ணீருக்கு மேல் தெரிந்தன. கமலாட்சியின் வயலில் ஒன்றுமே தெரியவில்லை. அவர் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, கையால் தடவித் தடவிக் கதிரை அறுத்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்களும் கரையில் நின்று வாங்கி வைத்தார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். எனக்கு அறுக்கத் தெரியாது, பிடித்துக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இறங்காதே என்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் அப்படியே. அறுத்ததில் பாதி ஈரத்திலேயே முளைத்துவிட்டது.

நஷ்ட அறிக்கையில் 'சேதத்துக்குக் காரணம்' என்று ஒரு இடம் இருந்தது. 'ஷட்டருக்குச் சக்கரம் வந்து சேராதது' என்று எழுதினேன். அதிகாரி கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. "இப்படி எழுதினால் அந்த அம்மாளுக்கு ஒன்றும் கிடைக்காது. இயற்கைச் சீற்றத்துக்குத்தான் நிவாரணம் உண்டு, சக்கரத்துக்குக் கிடையாது" என்றார். பேனாவை அவரே நீட்டினார். அடித்துவிட்டு 'பெருமழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 

நிவாரணமாக வந்தது ஒரு மூட்டை விதை நெல். அதே குட்டை நெல். சைக்கிள் காரியரில் வைத்து நானே கொண்டுபோய் இறக்கினேன். மூட்டையின் வாயைப் பிரித்து ஒரு கை எடுத்துப் பார்த்தார் கமலாட்சி. திரும்ப உள்ளே போட்டுக் கட்டினார். சக்கரம் சீக்கிரம் வந்துவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"இனி 'வரும்'னு சொல்லாண்டாம் சாரே. வந்த பெறவு 'வந்தது'ன்னு வந்து சொல்லுங்க, அது போதும்."

பிரிவுபசாரம்

எண்பதுகளின் தொடக்கத்தில் என்னை நகரத்துக்கு மாற்றினார்கள். பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு மாடி, ஒரு மின்விசிறி, நடக்க வேண்டாத வேலை. ஊர் விவசாயிகள் சங்கத்தார் பிரிவுபசாரம் வைப்பதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, மூன்றாம் தடவை சம்மதித்தேன். பஞ்சாயத்து ஹாலில் மாலை நாலு மணி. சலவை வேட்டி கட்டிக்கொண்டு மூன்றே முக்காலுக்கே போய்விட்டேன். நாற்காலிகள் போட்டிருந்தன. பெரிய தட்டில் பருப்பு வடை வைத்துப் பேப்பர் போட்டு மூடியிருந்தது.

நாலரை ஆயிற்று, ஐந்து ஆயிற்று, ஒருவரும் வரவில்லை. தலைமை வகிக்க வேண்டிய பஞ்சாயத்து பிரசிடெண்ட்கூட வரவில்லை. அவருக்கும் வயல் உண்டு. நான் பதினாறு வருஷத்தையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, யார் யாருக்கு என்னால் என்ன கெடுதல் நடந்தது என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன். எண்ணிக்கை கொஞ்சம் பெரிதாகப் போய்க்கொண்டிருந்தது. ஐந்தரைக்குச் சங்கச் செயலாளர் ராஜப்பன் முழங்கால் வரை சேற்றோடு வாசலில் வந்து நின்றார். ஹால் அழுக்காகிவிடும் என்று உள்ளே வரவில்லை. அங்கிருந்தபடியே கையைக் கூப்பினார்.

"மாலையெல்லாம் வாங்கி வச்சாச்சு சாரே. ஆனா இருபத்தஞ்சு நாளுக்கு மேல நாத்து முத்தப்படாதுன்னு நீங்கதானே தொண்டை கிழியச் சொன்னிய? இன்னைக்கு இருபத்தஞ்சு, ஏலா முழுக்க நடவு."

பதினாறு வருஷத்தில் ஊர் முழுக்க என் பேச்சைக் கேட்டு நடந்தது அந்த ஒரே ஒரு நாள்தான், அன்றைக்கு நான் காலி நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து தனியாக வடை தின்றுகொண்டிருந்தேன்.